ஒன்பதாம் படுக்கையின் அக்கா

எங்கள் பிரசவ மருத்துவமனையில் குறித்துக் கொடுக்கும் தேதி தப்பவே தப்பாது. தப்புகிறவர்கள் கர்ப்பிணிகள்தான். இதை நானாகச் சொல்லவில்லை. தலைமை மருத்துவரே என் முகத்துக்கு நேராகச் சொன்னார். தேதி தாண்டியும் நிறைவயிற்றோடு போய் நின்ற என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"நாங்க கணக்குப் போட்டுத்தாம்மா தேதி குடுக்கிறோம். நீங்க ஏன் அதைக் கடைப்பிடிக்கலை?"

"நான் ரெடியாத்தான் இருக்கேன் டாக்டர். உள்ள இருக்கிறது கேக்க மாட்டேங்குது."

"அது கூட்டுப் பொறுப்பும்மா," என்றார் அவர். "ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போடக் கூடாது."

அந்தத் தேதியை நம்பி மோசம்போனவர் என் கணவர். கப்பலில் எலெக்ட்ரீஷியன். தேதிக்கு முன்னும் பின்னும் பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு வந்தார். என்னைத் தினமும் நடக்க வைத்தார், தரையைத் துடைக்க வைத்தார். நான் ஏப்பம் விட்டால்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். தேதி வந்தது, போனது. குழந்தை அசைந்து கொடுக்கவில்லை. லீவு முடிந்துவிட்டது. வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து, "நான் இருக்கும்போதே வந்திருக்கலாம்ல? அப்படி என்ன பிடிவாதம் உனக்கு?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். நான் சிரித்துக்கொண்டே கையசைத்தேன். அவர் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீர அழுதேன்.

எங்களுக்கு வேறு நாதியில்லை. எங்கள் கல்யாணத்தோடு இரண்டு வீட்டாரும் எங்களைத் தலைமுழுகிவிட்டார்கள். நான் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் பட்டன் துளை போடும் காஜா மெஷினில் உட்காருகிறவள். பக்கத்து மெஷின்காரிகள் நல்லவர்கள்தான். ஆனால் ஒன்றுக்குப் போகவே சூப்பர்வைசரிடம் கையைத் தூக்க வேண்டிய இடத்திலிருந்து, எனக்குத் துணையாக யார் வந்து உட்கார முடியும்? வலியைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை. பிறந்த குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டுவார்களே, அப்போது "குடுங்க" என்று கையை நீட்ட ஒரு ஆள் இருக்க மாட்டாரே என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. உலகத்துக்கு வருகிற ஒரு பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்றால் அது என்ன நினைக்கும்?

தேதி தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்புவதில்லை, உள்ளேயே சேர்த்துவிடுவது வழக்கம் என்றார்கள். சேர்க்கைப் பிரிவுக் குமாஸ்தா கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காத மனிதர்.

"கூட இருக்கப் போறது யாரு?"

"யாரும் இல்லைங்க."

"அப்படிச் சொல்லக் கூடாது."

"நிஜமாவே யாரும் இல்லைங்க."

"நிஜமா இருக்கலாம்மா, நான் இல்லைங்கலை. கம்ப்யூட்டர் ஒத்துக்காது. உடனிருப்பவர்னு இருக்கு பாருங்க, இந்தக் கட்டத்தைக் காலியா விட்டா அடுத்த பக்கத்துக்கே போகாது."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டு முணுமுணுத்தது. கால் இரண்டும் வீங்கி, இடுப்பு விட்டுப்போய் நிற்கிறேன். "அப்ப என் பேரையே போடுங்க! எனக்கு நானே கூட இருந்துக்கறேன்!" என்று கத்திவிட்டேன். ஆத்திரத்தில் சொன்னதை யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்களா? அவர் எடுத்துக்கொண்டார். டக்டக்கென்று தட்டினார்.

"உறவு?"

"என்னங்க?"

"கணவர், அம்மா, மாமியார், அக்கா. நாலுதான் இருக்கு. 'தானே'ன்னு ஒண்ணு இல்லை. அக்கான்னு போட்டுடட்டுமா?"

"எதையாச்சும் போடுங்க."

போட்டார். போட்டு முடித்ததும் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, "ஒரே பிறந்த தேதி, ஒரே விலாசம், ஒரே போன் நம்பர். ரெட்டைப் பிள்ளைங்களா நீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "இந்தக் காலத்துல கூடப் பிறந்தவங்க இப்படி ஒத்துமையா இருக்கிறதைப் பார்க்கவே சந்தோஷமா இருக்கும்மா," என்று சொல்லி என் கையில் இரண்டு அட்டைகளைக் கொடுத்தார். ரோஸ் அட்டை நோயாளிக்கு. பச்சை அட்டை உடனிருப்பவருக்கு. "பச்சையை மறக்காம அக்காகிட்ட குடுத்துடுங்க."

மாடியில் ஒன்பதாம் படுக்கை கிடைத்தது. அன்றைக்கே ஒலிபெருக்கி கூப்பிட்டது: "ஒன்பதாம் படுக்கையின் உடனிருப்பவர் உடனடியாகக் கீழே வரவும்." யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் படுத்தே இருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் உறைத்தது.

வார்டு வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். "ரோஸ் அட்டை வெளிய போகக் கூடாது."

"கீழ கூப்பிடுறாங்களேண்ணே."

"உங்களையா கூப்பிட்டாங்க? உங்க அக்காவைத்தானே?"

நான் ரோஸ் அட்டையைக் கழற்றி உள்ளே செருகிக்கொண்டு பச்சையை மாட்டினேன். அவர் கண்ணெதிரேதான். "இப்பப் போங்க," என்று ஒதுங்கி வழிவிட்டார். லிஃப்ட் பக்கம் திரும்பினேன். "லிஃப்ட் நோயாளிங்களுக்கு மட்டும்தாம்மா. கூட இருக்கிறவங்க படியில போகணும்."

வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன். கீழே கூடத்தில் ஒரு நர்ஸ், "நீங்கதான் ஒன்பதோட அக்காவா? ஒண்ணுமில்லை, உங்க பேஷண்ட் படி ஏறி இறங்காமப் பார்த்துக்கங்க. தேதி தாண்டின உடம்பு," என்றாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார்களாம். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் படி ஏறினேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. படி ஏறி இறங்கினால் வலி எடுக்கும் என்பார்களே.

எடுக்கவில்லை. அடிக்கடி அடிவயிறு கல் மாதிரி இறுகும். இதோ வந்துவிட்டது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். "பொய் வலி," என்று சொல்லிவிட்டுத் தலைமை நர்ஸ் அடுத்த படுக்கைக்குப் போய்விடுவாள். பொய் வலியே இப்படி என்றால் நிஜ வலி ஏன் இத்தனை வீம்பு பிடிக்கிறது? எட்டாம் படுக்கைக்காரி வந்தாள், பெற்றாள், போனாள். அதே படுக்கைக்கு இன்னொருத்தி வந்தாள், அவளும் பெற்றாள், போனாள். புதிதாக வருகிறவர்களுக்குக் குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருகினால் வெந்நீர் வரும் என்று சொல்லித்தருவது நானாகிவிட்டேன்.

பார்வையாளர் நேரம்தான் பெரிய கொடுமை. ஒவ்வொரு படுக்கையைச் சுற்றியும் ஒரு கூட்டம். பத்தாம் படுக்கைக்காரியும் அவள் மாமியாரும் ஒரு பிளாஸ்கை யார் மூடாமல் வைத்தது என்று விடாமல் சண்டை போடுவார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கப் பொறாமையாக இருக்கும். என்னோடு சண்டை போடவாவது ஒருத்தி இருக்கக் கூடாதா? அந்த நேரத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குவதுபோல் நடிப்பேன். தூங்குகிறவளைப் பார்த்து யாரும் பரிதாபப்பட மாட்டார்கள்.

ஒரு நாள் உடனிருப்பவர்களுக்கு வகுப்பு என்று அறிவித்தார்கள். வராதவர்களின் பச்சை அட்டை பறிக்கப்படும் என்றார்கள். போனேன். ஆலோசகர் அம்மையார், அவ்வளவு கனிவான முகம், மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"தாய்மார்களுக்கு முதல் எதிரி எது? வலியா? இல்லை. தனிமை! உங்க பேஷண்டை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாது. இப்ப நீங்க எல்லாரும் இங்க இருக்கீங்க. அங்க அவங்ககூட யார் இருக்கா?"

ஆலோசகரின் கண் என் மேல் நின்றது. "சொல்லுங்கம்மா. உங்க தங்கச்சிகூட இப்ப யார் இருக்கா?"

"யாரும் இல்லைங்க."

"பார்த்தீங்களா!" என்று மற்றவர்களிடம் திரும்பினார். "இதைத்தான் சொல்றேன். பாவம், அந்தப் பொண்ணு தனியாக் கிடந்து என்ன பாடுபடுதோ. உங்களுக்கு மனசாட்சி வேணாம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தபோது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

பிறகு பயிற்சி. உடனிருப்பவர்கள் நோயாளியின் கையைப் பிடித்து, நெற்றியைத் தடவி, மூன்று அன்பான வார்த்தை பேச வேண்டும். மாடிக்கு வந்து செய்துகாட்ட வேண்டும். ஆலோசகர் ஒரு தாளோடு ஒவ்வொரு படுக்கையாக வந்து மார்க் போட்டார். என் முறை வந்தது. வலது கையால் என் இடது கையைப் பிடித்தேன். நெற்றியைத் தடவினேன்.

"என்னடி, ரொம்ப முடியலையா?" என்றேன்.

"முடியலைக்கா," என்றேன்.

"வந்துடும்டி. எங்க போயிடும்? உன் வயித்துலதானே இருக்கு."

மறுபடியும் நெற்றியைத் தடவினேன். பத்தாம் படுக்கை மாமியார் பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலோசகர் மட்டும், "நல்லா இருக்கு. அக்கா இன்னும் கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கலாம்," என்று எழுதிக்கொண்டு போனார்.

விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அன்றைக்கு அவர் போன பிறகும் நான் என் கையை விடவில்லை. வாரக்கணக்கில் யாரும் என்னைத் தொடவில்லை, நர்ஸுகளின் கையுறையைத் தவிர. யார் கையாக இருந்தால் என்ன, சூடாக இருந்தது.

கணவரின் கப்பல் எங்கோ ஒரு துறைமுகத்தை ஒட்டிப் போனபோது போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவே, "வந்துடுச்சா?" என்றார்.

"இன்னும் இல்லை."

"கூட யாரு இருக்கா? தனியாவா இருக்கே?"

"அக்கா இருக்காங்க."

"எந்த அக்கா?"

லைன் போய்விட்டது. நல்லவேளை. என்ன பதில் சொல்லியிருப்பேன்?

இதற்கிடையில் மருத்துவமனைக்கு மேலிடத்திலிருந்து ஒரு கேடயம் வந்தது. எல்லா நோயாளிக்கும் உடனிருப்பவர் இருக்கிற ஒரே மருத்துவமனை எங்களுடையதுதானாம். கூடத்தில் விழா. நோயாளிகள் மாடியிலேயே ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும், உடனிருப்பவர்கள் நேரில் வர வேண்டும். இரண்டையும் என்னால் செய்ய முடியாதென்பதால் நேரில் மட்டும் போனேன். தலைமை மருத்துவர் பொன்னாடை நழுவ நழுவப் பேசினார்.

"மற்ற மருத்துவமனைகளில் பெண்கள் தனியாக வருகிறார்கள், தனியாகத் தவிக்கிறார்கள். ஏன்? அங்கே தனிமைக்கு இடம் கொடுக்கிறார்கள். நாங்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவே அனுமதிப்பதில்லை! எங்கள் கம்ப்யூட்டரில் இன்றைய தேதிக்குத் தனியாக இருக்கும் பெண் ஒருத்திகூடக் கிடையாது. நீங்களே தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டாள். தனிமையை நாங்கள் ஒழித்துவிட்டோம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நானும் தட்டினேன். பச்சை அட்டைக்காரி தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அப்புறம் சிறந்த உடனிருப்பவர் என்று என்னையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் படி இறங்கி வந்த ஒரே ஆள் நான்தானாம். "தங்கச்சிக்காக எவ்வளவு சிரமப்படுறீங்க! மூச்சு வாங்குது பாருங்க," என்று தலைமை மருத்துவர் என் தோளைத் தட்டினார். எட்டி நின்று தட்ட வேண்டியிருந்தது, நடுவில் வயிறு. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மேடையிலிருந்து இறங்கி, மாடிப்படியில் பாதி ஏறியபோது இடுப்பை இரண்டு பக்கமும் யாரோ பிடித்து முறுக்கிய மாதிரி வலி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். விட்டது. நாலு படி ஏறியதும் மறுபடி. இது இளகுகிற ரகம் இல்லை என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, படியில் நின்று தனியாகச் சிரித்தேன். ரோஸ் அட்டையை மாட்டிக்கொண்டு தலைமை நர்ஸின் மேஜைக்குப் போனேன்.

"சிஸ்டர், வலி வந்துடுச்சு."

"யார் சொன்னா?"

"நான்தான். எனக்குத்தான் வந்திருக்கு."

"பேஷண்ட் சொன்னா நாங்க எடுத்துக்கிறதில்லைம்மா. தேதி தாண்டினவங்க எல்லாருக்குமே அவசரம். எதையாவது வலின்னு சொல்லிடுவாங்க. கூட இருக்கிறவங்க பார்த்துட்டு வந்து சொல்லணும். அக்கா எங்க?"

அடுத்த வலி வந்து போகும்வரை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ரோஸைக் கழற்றிப் பச்சையை மாட்டினேன். "சிஸ்டர், என் தங்கச்சிக்கு வலி வந்துடுச்சு. நிஜ வலி. நான் பார்த்தேன்."

"அப்படியா!" என்று அவள் துள்ளி எழுந்தாள். "முன்னாடியே சொல்றதுக்கு என்ன? ஸ்ட்ரெச்சர்! ஸ்ட்ரெச்சர் எடுங்க! நீங்க பதறாதீங்கக்கா, தைரியமா இருங்க. முதல் பிரசவம்னா கூட இருக்கிறவங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம்."

ஸ்ட்ரெச்சர் வந்தது. ஏறிப் படுத்தேன். பிரசவ அறை வாசலில் காவலாளி நிறுத்தினார். என் கழுத்தில் பச்சை அட்டை. "அக்கா வெளியதான் நிக்கணும்." இந்தத் தடவை எனக்கு விவாதம் பண்ணத் தெம்பில்லை. அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அதை வாசலில் இருந்த காலி நாற்காலியின் மேல் மரியாதையாக வைத்தார். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

உள்ளே நடந்ததை எல்லாம் சொல்ல மாட்டேன். பெற்றவர்களுக்குத் தெரியும். கத்தினேன், கணவரைத் திட்டினேன், கப்பலைத் திட்டினேன். ஒரு கட்டத்தில் இனி என்னால் ஆகாது என்று தோன்றிவிட்டது. அப்போது என் வலது கை போய் இடது கையைப் பிடித்துக்கொண்டது. "இன்னும் கொஞ்சம்டி. இவ்வளவு நாள் காத்திருந்தோம்ல? விட்டுடாதே," என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். நர்ஸுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும்.

பிறந்துவிட்டது. வீல் என்று ஒரே கத்தல். இத்தனை நாள் பிடிவாதம் பிடித்த ஆளா இது என்று நினைத்தேன். "பொண்ணு," என்றார்கள். நான் கையை நீட்டினேன்.

"இருங்கம்மா," என்றாள் தலைமை நர்ஸ். "முதல்ல கூட இருக்கிறவங்ககிட்ட காட்டணும். அப்புறம்தான் உங்ககிட்ட."

துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒன்பதோட அக்கா! ஒன்பதோட அக்கா யாருங்க?" பதில் இல்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பிறகு ஒலிபெருக்கியும் கூப்பிட்டது, மாடி, கூடம், படிக்கட்டு எல்லா இடத்துக்கும் கேட்கிற மாதிரி. "ஒன்பதாம் படுக்கையின் உடனிருப்பவர் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும். பெண் குழந்தை." யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்?

தலைமை நர்ஸ் திரும்பி வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னம்மா உங்க அக்கா இப்படி! அட்டையை நாற்காலியில போட்டுட்டு எங்கயோ போயிட்டாங்க. இவங்களுக்குப் போயி பரிசு குடுத்தாங்களே. சமயத்துல காணாமப் போறவங்க எல்லாம் என்ன கூடப் பிறந்தவங்க? கொஞ்சமாச்சும் பொறுப்பு வேணாம்? இப்படி விட்டுட்டுப் போறதுக்கு வராமலே இருந்திருக்கலாம்."

இத்தனை நாள் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன். இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர்! வீட்டுல, வார்டுல, படியில, இதோ இந்தக் கட்டில்ல, ஒரு நிமிஷம் என்னை விட்டுப் போகலை அவ. எனக்குன்னு இருந்தது அவ ஒருத்திதான்."

தலைமை நர்ஸ் என்னைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் என்னை முழுதாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"அப்ப," என்றாள், குரல் இறங்கிப்போய், "இப்ப குழந்தையை யார் வாங்கிக்கிறது?"

"குடுங்க," என்று கையை நீட்டினேன்.